முதல் எரரை மட்டும் படியுங்கள்

வாசகர் கேள்வி–பதில்

(இந்த மாதம் பதில் சொல்பவர் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்காரர். பகலில் கோவை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறார். விடியற்காலையில் ரஸ்ட் மொழிக் கம்பைலரின் பிழைச் செய்திகளையும் ஆவணங்களையும் பராமரிக்கும் தன்னார்வலர்களில் ஒருவர். கம்பைலர் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன இதழில் சொல்லியிருந்தோம்.)

கம்பைலர் என்பது எப்போதோ எழுதி முடித்த சமாச்சாரம்தானே? அதில் தினமும் என்ன வேலை இருக்கிறது?
— கணக்காளர், வாளையார்

என் மாமனாரும் இதையேதான் கேட்பார். அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன்.

நாம் எழுதும் புரோகிராமை எந்திரத்துக்கான கட்டளையாக மாற்றித் தருவது கம்பைலர். அந்த மாற்றும் பகுதி பெரும்பாலும் ஒழுங்காகவே ஓடுகிறது. அதைச் சுற்றியிருக்கும் எதுவும்தான் ஓர் இடத்தில் நிற்பதில்லை. புதுசு புதுசாகச் சிப் வருகிறது, விண்டோஸ் மாறுகிறது, மேக் மாறுகிறது. ரஸ்ட் கம்பைலர் தன் கடைசிக்கட்ட வேலையை எல்எல்விஎம் என்ற இன்னொரு பெரிய மென்பொருளிடம் கொடுக்கிறது. அது ஆறு மாதத்துக்கு ஒருமுறை புது வெர்ஷன் விடும். ரஸ்டோ 2015 மே மாதம் 1.0 வந்த நாளிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு வெர்ஷன் விட்டுக்கொண்டே இருக்கிறது. சி மொழிக்கான கம்பைலர் ஜிசிசி வருடத்துக்கு ஒன்று, பைத்தான் மொழி வருடா வருடம் அக்டோபரில் ஒன்று.

காலையில் நான் உட்கார்ந்ததும் செய்வது, யாரோ அனுப்பிய புகாரைப் படிப்பது. 'நான் எழுதியது சரி, கம்பைலர் தப்பு என்கிறது' என்பார் ஒருவர். 'தப்பு என்னுடையதுதான், ஆனால் கம்பைலர் சொன்னபடி திருத்தினால் இன்னொரு எரர் வருகிறது' என்பார் இன்னொருவர். எனக்குப் பிடித்தது இரண்டாவது வகை. அவர் அனுப்பிய ஆயிரம் வரியை வெட்டி வெட்டி, அதே தப்பு இன்னும் வருகிற பத்து வரியாகச் சுருக்க வேண்டும். பாதி நேரம் இதிலேயே போய்விடும். அப்புறம் எந்த நாளின் வெர்ஷனில் இது நுழைந்தது என்று தேட வேண்டும். ரஸ்டில் தினமும் ஒரு ராத்திரி வெர்ஷன் வருவதால், நல்ல நாள் ஒன்றையும் கெட்ட நாள் ஒன்றையும் கொடுத்துவிட்டால் நடுவில் பாதி பாதியாகப் பிரித்துத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு கருவி இருக்கிறது. நாள் தெரிந்தால் அன்று சேர்ந்த மாற்றங்கள் தெரியும். மாற்றம் தெரிந்தால் யாரைக் கேட்பது என்பதும் தெரியும்.

திருத்துவது சில சமயம் ஒரே வரிதான். அதற்குப் பின்னால் டெஸ்ட் இருக்கிறது. பிழைச் செய்திகளுக்கென்று ரஸ்டில் ஆயிரக்கணக்கான டெஸ்ட் கோப்புகள் உண்டு. ஒரு பக்கம் தப்பான புரோகிராம், பக்கத்திலேயே அதற்கு என்ன செய்தி வர வேண்டும் என்ற கோப்பு. இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். அடிக்கடி வரும் செய்தி ஒன்றில் கமாவை நகர்த்தினால்கூட நூற்றுக்கணக்கான கோப்புகள் மாறிவிடும். புது வடிவத்தை மொத்தமாக ஏற்றுக்கொள்ள ஒரே கட்டளை போதும். ஆனாலும் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். 'செய்தியில் ஒரு வார்த்தையை மாற்ற எவ்வளவு நேரம் ஆகப்போகிறது' என்று கேட்பவர்களுக்கு இதைக் காட்டுவேன்.

மற்றவர்களின் புரோகிராம் உடையலாம் என்று சந்தேகம் வந்தால் 'கிரேட்டர்' என்று ஒன்றை ஓட்டுவார்கள். பொதுவில் கிடைக்கும் ரஸ்ட் தொகுப்புகளையெல்லாம் பழைய கம்பைலரிலும் புதிய கம்பைலரிலும் ஓட்டி, எது புதிதாக உடைந்தது என்று பார்ப்பது. முடிய நாள்கணக்கில் ஆகும். பட்டியல் வந்ததும் உடைந்தவை நம்மால் உடைந்தவையா, முன்பே உடைந்திருந்தவையா என்று ஒவ்வொன்றாகப் பிரிப்பதும் மனிதர் வேலைதான்.

லேப் ரெக்கார்டில் சீனியர்கள் எழுதிய சி புரோகிராமை அப்படியே அடித்தேன். கல்லூரியில் டர்போ சி என்ற பழைய கம்பைலரில் ஓடுகிறது. என் லேப்டாப்பில் புதிய ஜிசிசி போட்டால் 'இம்ப்ளிசிட் டிக்ளரேஷன்' என்று எரர் வருகிறது. போன வருடம் அண்ணன் கம்ப்யூட்டரில் வெறும் வார்னிங்தான் வந்தது. ஓடிக்கொண்டிருந்ததை ஏன் அக்கா உடைக்கிறார்கள்?
— பி.எஸ்சி. மாணவர், சித்தூர் (பாலக்காடு)

தம்பி, இந்த மாதம் வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நீ ஒரு ஃபங்ஷனை, அதாவது வேறெங்கோ எழுதி வைத்த ஒரு வேலைத்துண்டை, கூப்பிடுகிறாய். அது என்ன வாங்கும், என்ன திருப்பித் தரும் என்று கம்பைலருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதாவது ஹெட்டர் ஃபைலைச் சேர்க்கவில்லை. 1989-ஆம் வருடத்து சி விதிப்படி அது குற்றமில்லை. 'தெரியாத ஃபங்ஷனா? அது முழு எண் ஒன்றைத் திருப்பித் தரும் என்று வைத்துக்கொள்கிறேன்' என்று கம்பைலர் தானே ஊகித்துக்கொள்ளும். 1999-இல் வந்த சி விதியில் இந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். ஆனால் விதி மாறிய உடனே கம்பைலர் கண்டிப்பைக் காட்டவில்லை, ஏனென்றால் ஊரெல்லாம் பழைய புரோகிராம். ஜிசிசி 2015-இல் 5-ஆம் வெர்ஷன் வந்தபோதுதான் எதுவும் கேட்காமலே இதற்கு வார்னிங் கொடுக்க ஆரம்பித்தது. 2023-இல் கிளாங் என்ற இன்னொரு சி கம்பைலர் தன் 16-ஆம் வெர்ஷனில் இதை எரர் ஆக்கியது. 2024 மே மாதம் ஜிசிசி 14-ம் அதையே செய்தது. அண்ணனுடையது அதற்கு முந்தைய ஜிசிசியாக இருக்கும். ஆக, விதி மாறி கால் நூற்றாண்டு காத்திருந்து உடைத்திருக்கிறார்கள். இதை அவசரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, ஏன் உடைத்தார்கள்? மாலாக் என்ற ஃபங்ஷனை எடுத்துக்கொள். நினைவகத்தில் இடம் பிடித்து அந்த முகவரியைத் தரும். இன்றைய 64-பிட் கம்ப்யூட்டரில் முகவரி 64 பிட், சாதாரண முழு எண் 32 பிட். ஹெட்டர் இல்லையென்றால் கம்பைலர் 'வருவது முழு எண்' என்று நினைத்து முகவரியில் பாதியை வெட்டிவிடும். முகவரி சின்னதாக இருந்தால் வெட்டியும் ஒன்றும் ஆகாது, புரோகிராம் பிழைத்துக்கொள்ளும். பெரிதாக இருந்தால் செத்துவிடும். அதாவது உன் மேசையில் ஓடும், எக்ஸாமினர் மேசையில் விழும். வார்னிங் கொடுத்தும் யாரும் படிக்காத தப்பு இது. அதனால் எரர் ஆக்கியது நியாயம் என்பது என் கட்சி.

அதைச் செய்வதற்கு முன்னால் நடந்த வேலை யாருக்கும் தெரியாது, அதையும் சொல்ல வேண்டும். பழைய லினக்ஸ் மென்பொருள்கள் பலவற்றில் கம்பைல் செய்யும் முன் ஒரு ஸ்கிரிப்ட் ஓடும். 'இந்த வசதி இந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறதா' என்று பார்க்க அது குட்டிக் குட்டி சி புரோகிராம் எழுதிக் கம்பைல் செய்து பார்க்கும். கம்பைல் ஆனால் வசதி உண்டு, ஆகாவிட்டால் இல்லை. அந்தக் குட்டி புரோகிராம்களில் பலவற்றில் ஹெட்டர் விட்டுப்போயிருந்தது! கம்பைலர் கண்டிப்பானதும் அவை எரர் ஆகும். ஸ்கிரிப்ட் 'சரி, வசதி இல்லை போல' என்று முடிவு கட்டி, அந்த வசதி இல்லாமலே மென்பொருளைக் கட்டிவிடும். எரர் ஒன்றும் வெளியே தெரியாது, வசதி மட்டும் காணாமல் போயிருக்கும். இதற்குப் பயந்துதான் ஃபெடோரா லினக்ஸ்காரர்கள் தங்கள் தொகுப்புகளை முன்கூட்டியே துழாவித் துழாவித் திருத்தினார்கள். ரெட் ஹாட் நிறுவனத்தின் ஃப்ளோரியன் வைமர் அதில் முன்னால் நின்றவர். கம்பைலரில் மாறியது கொஞ்சம், கம்பைலருக்கு வெளியே நடந்த திருத்தம் ஏராளம்.

உனக்கு வேண்டியது: மாலாக், எக்ஸிட் போன்றவற்றுக்கு ஸ்டாண்டர்ட் லைப்ரரி ஹெட்டரையும், பிரின்ட்எஃப்-க்கு ஸ்டாண்டர்ட் ஐஓ ஹெட்டரையும் மேலே சேர். திரையைத் துடைக்கும் கிளியர் ஸ்கிரீன் ஃபங்ஷனைத் தூக்கிவிடு, அது டர்போ சி-யின் சொந்தச் சரக்கு, சி மொழியில் கிடையாது. பழைய புரோகிராமைத் திருத்தவே முடியாத கட்டாயம் என்றால் ஜிசிசி 14-இல் 'எஃப்-பெர்மிசிவ்' என்ற ஆப்ஷன் இவற்றை மறுபடி வார்னிங்காக இறக்கிவிடும். லேப் ரெக்கார்டுக்கு அதைப் போடாதே.

எந்த மொழி சிறந்த மொழி?
— வாசகர், கோபாலபுரம்

மாதக் கடைசியில் சம்பளம் தருகிற மொழி.

என் பையன் இன்ஜினியரிங் படிக்கிறான். ஒரே ஒரு அடைப்புக்குறியை விட்டதற்குக் கம்ப்யூட்டர் ஒரு பக்கத்துக்குத் திட்டுகிறது என்று சலித்துக்கொள்கிறான். நீங்கள்தான் அதை எழுதுகிறீர்களாமே, கொஞ்சம் சுருக்கமாகத் திட்டக் கூடாதா?
— ஒரு தாய், மீனாட்சிபுரம்

எல்லாவற்றையும் நான் எழுதவில்லை, அம்மா. ஆனால் புகார் நியாயமானது.

கம்பைலர் மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போகிறது. அடைப்புக்குறியைத் திறந்த இடத்தில் தப்பு ஒன்றும் இல்லை, மூடுவார்கள் என்று நம்பிப் போகும். இரண்டு வரி தாண்டிப் பொருந்தாத ஏதோ வந்த பிறகுதான் இடறும். பழைய பைத்தான் அந்த இடறிய வரியைக் காட்டி 'இன்வேலிட் சின்டாக்ஸ்' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். அந்த வரியையே உற்றுப் பார்த்துக் கண் வலித்தவர்கள் எத்தனையோ பேர். 2020-இல் 3.9 வெர்ஷனில் பைத்தானின் வாக்கியம் பிரிக்கும் பகுதியையே மாற்றி எழுதினார்கள். அதன் பலன் 2021 அக்டோபரில் 3.10-இல் தெரிந்தது. திறந்த இடத்தையே காட்டி 'இந்த அடைப்புக்குறி மூடப்படவே இல்லை' என்று சொல்ல ஆரம்பித்தது. பாப்லோ கலிண்டோ சல்காடோ என்பவருக்கு இதில் பெரிய பங்கு. அதற்கு முன்பே 2015-இல் எல்ம் என்ற சின்ன மொழி, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி எரர் எழுதிக் காட்டி மற்ற எல்லோரையும் கொஞ்சம் வெட்கப்பட வைத்தது. ரஸ்ட்காரர்களும் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

ஒரு பக்கத்துக்கு ஏன் வருகிறது என்றால், முதல் தப்போடு கம்பைலர் நிற்பதில்லை. 'இங்கே இதை எழுத நினைத்திருப்பார்' என்று ஊகித்து மேலே படித்து, மற்ற தப்புகளையும் ஒரே தடவையில் சொல்லிவிடப் பார்க்கிறது. ஊகம் சரியாக இருந்தால் நல்லது. தப்பினால், அதற்குப் பிறகு வருவதில் பாதி இல்லாத தப்பு. ஒரு வேரியபிளின், அதாவது மதிப்பைப் போட்டு வைக்கும் பெட்டியின், பெயரை முதல் வரியில் தப்பாக எழுதிவிட்டால், அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு வரியும் எரர் என்று கத்தும். இதை அடக்குவது எங்கள் வேலையில் முக்கால்வாசி என்றே சொல்லலாம். ரஸ்ட் கம்பைலருக்குள் 'இது பற்றி ஏற்கனவே சொல்லியாயிற்று' என்று ஒரு முத்திரை இருக்கிறது. தப்பான ஒன்றின் மேல் அதைக் குத்திவிட்டால், அதைத் தொடும் அடுத்த வரிகளில் வாயை மூடிக்கொள்ளும். எல்லா இடத்திலும் குத்த முடிவதில்லை.

பையனிடம் ஒன்று சொல்லுங்கள். திரையின் கடைசியைப் பார்க்காமல் மேலே ஏறி, முதல் எரரை மட்டும் படித்து, அதைத் திருத்தி, மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். மீதி பாதி தானாகப் போய்விடும்.

தப்பைக் கண்டுபிடிக்கத் தெரிந்த கம்பைலர் அதைத் தானே திருத்திவிட்டால் என்ன அக்கா?
— செல்போன் கடை இளைஞர், வேலந்தாவளம்

முடிகிற இடத்தில் திருத்துகிறது. ரஸ்டில் ஒவ்வொரு யோசனைக்கும் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு தரச்சீட்டு உண்டு: எந்திரமே செய்யலாம், தப்பாக இருக்கலாம், நடுவில் மனிதர் நிரப்ப வேண்டிய இடம் இருக்கிறது, இப்படி. 'கார்கோ ஃபிக்ஸ்' என்ற கட்டளை முதல் சீட்டு ஒட்டிய யோசனைகளை மட்டுமே தானாகச் செய்யும். எந்தச் சீட்டு ஒட்டுவது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை வரும். நான் எப்போதும் கஞ்சத்தனமான பக்கம்.

காரணம் சொல்கிறேன். ரஸ்டில் ஒரு பொருளை ஒரு ஃபங்ஷனிடம் கொடுத்துவிட்டால் அது அந்த ஃபங்ஷனின் சொத்து, மறுபடி நீ தொட முடியாது. தொட்டால் ஈ 0382 என்ற எரர். அதைச் சரிசெய்ய நாலைந்து வழி உண்டு. நகல் எடுத்துக் கொடு என்பதும் ஒரு வழி, பெரும்பாலும் வேலை செய்யும், யோசிக்கவே வேண்டாம். கற்றுக்கொள்பவர் அந்த யோசனையை மட்டும் பார்த்தால் போகிற இடமெல்லாம் நகல் போட்டு வைப்பார். எரர் போய்விடும், புரோகிராம் மெதுவாகும், மொழி சொல்ல வந்த விஷயம் அவருக்கு எட்டியே இருக்காது. அதனால்தான் இப்போது அந்தச் செய்தியில் 'வேகத்தில் வரும் நஷ்டம் பரவாயில்லை என்றால் நகல் எடுக்கலாம்' என்று நிபந்தனையோடு எழுதியிருக்கிறது. அந்த 'என்றால்' இருக்கிறதே, அது எனக்குப் பிடித்த வார்த்தை.

யோசனையே இல்லாத செய்தியைப் படித்தவர் பத்து நிமிஷம் தேடுவார். தப்பான யோசனையை நம்பியவர் ஒரு மத்தியானத்தைத் தொலைப்பார், அதற்குப் பிறகு கம்பைலர் சொல்வது எதையும் படிக்க மாட்டார்.

எங்கள் பள்ளி தமிழ் வழி. எட்டாம் வகுப்புக்குப் பைத்தான் சொல்லித் தருகிறேன். வேரியபிள் பெயரைத் தமிழிலேயே வைக்கலாமா? வைத்துப் பார்த்தேன், ஓடுகிறது. ஆனால் எரர் வந்தால் அடியில் போடும் அம்புக்குறி வேறு எங்கோ நிற்கிறது.
— கம்ப்யூட்டர் டீச்சர், சித்தூர் வட்டம்

தாராளமாக வைக்கலாம், டீச்சர். பைத்தான் 3 வந்த 2008-இலிருந்தே முடியும். ரஸ்டில் 2021 ஜூனில் வந்தது. ஜாவாவில் ஆரம்பத்திலிருந்தே உண்டு.

அம்புக்குறி விலகுவதற்குக் காரணம் எண்ணிக்கை. 'விலை' என்று எழுதுங்கள். நம் கண்ணுக்கு 2 எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோட் முறையில் அது வ, இகரக் குறி, ல, ஐகாரக் குறி என்று 4 குறியீடு. கோப்பில் சேமிக்கும்போது தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 12 பைட். கம்பைலர் உள்ளே பைட்டில் எண்ணுகிறது, செய்தியில் குறியீட்டில் எண்ணுகிறது, திரையோ தன் இஷ்டத்துக்கு அகலம் கொடுத்து வரைகிறது. ஆங்கிலத்தில் மூன்றும் ஒன்றாகவே இருப்பதால் எழுதியவர்களுக்கு உறைக்கவில்லை. ஜிசிசி-யில் 2021-இல் 11-ஆம் வெர்ஷனில்தான், இடத்தைப் பைட்டில் எண்ணவா திரையின் அகலத்தில் எண்ணவா என்று தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது. அப்படி எண்ணினாலும் தமிழுக்கு முழுக்கச் சரிவராது. 'ணை'-யும் 'ர'-வும் ஒரே அகலமா? செய்தி வரும் டெர்மினல் திரை எல்லாவற்றுக்கும் சமமான கட்டம் போட்டு வைத்திருக்கிறது, நம் எழுத்து அதில் அடங்குவதில்லை. வரி எண்ணை நம்பச் சொல்லுங்கள், அம்பை நம்ப வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு தொல்லை உங்கள் வகுப்பில் கட்டாயம் வரும், இப்போதே சொல்லி வைக்கிறேன். 'கொ' என்பதில் ஒகரக் குறியை ஒன்றாகவும் அடிக்கலாம், கொம்பு தனியாகக் கால் தனியாகவும் அடிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. பைத்தானும் ரஸ்டும் பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துதான் ஒப்பிடுகின்றன, அதனால் பிரச்சினை இல்லை. ஜாவா அப்படிச் செய்யாது, இரண்டும் வேறு வேறு வேரியபிள் ஆகிவிடும். ஔகாரம் இன்னும் மோசம். 'கௌ' அடிக்கத் தெரியாமல் 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' போடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அது உண்மையிலேயே வேறு எழுத்து. எந்தக் கம்பைலராலும் அதைச் சேர்த்துவைக்க முடியாது. 'கௌரி' என்று ஒரு பிள்ளை வேரியபிள் வைத்து, 'அந்தப் பெயரே இல்லை' என்று பைத்தான் சொன்னால், முதலில் அந்த ஔகாரத்தை அழித்துவிட்டு மறுபடி அடிக்கச் சொல்லுங்கள்.

இப்படி ஏதாவது கண்டால் எழுதி அனுப்புங்கள், டீச்சர். தமிழ், மலையாளம் வைத்துப் பார்த்து யாரும் புகார் எழுதாததால்தான் இவை அப்படியே கிடக்கின்றன.

எரர் செய்திகளையே தமிழில் மொழிபெயர்த்துவிட்டால் என்ன?
— தமிழாசிரியர் (ஓய்வு), கொழுமம்

செய்யலாம், ஐயா. வழியும் இருக்கிறது. ஜிசிசி-யின் செய்திகள் ரொம்ப காலமாகப் பல மொழிகளில் வருகின்றன. ரஸ்டில் 2022-இல் அதற்கான அடித்தளம் போட ஆரம்பித்தார்கள். மொழிபெயர்ப்பது பெரிய வேலை இல்லை. அதற்குப் பிறகு ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாறும் மூலத்தின் பின்னாலேயே ஓட வேண்டும், அதுதான் வேலை.

எங்கள் பகுதி தமிழ்ச் சிறுபான்மைப் பகுதி. மலையாள அறிவிப்புக்குப் பக்கத்திலேயே தமிழ் அறிவிப்பும் ஒட்டுவார்கள். ஓர் அலுவலகத்தில் மனு கொடுக்கும் கடைசித் தேதியை மலையாளத் தாளில் மாற்றினார்கள், தமிழ்த் தாள் பழைய தேதியோடே தொங்கியது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் அதை நம்பிப் போய் நின்றார்கள். மொழிபெயர்த்த ஆவணம் எனக்கு எப்போதும் அந்தத் தாள்தான். தமிழே இல்லாமல் இருந்திருந்தால் பக்கத்தில் யாரையாவது கேட்டிருப்பார்கள்.

அதனால் நான் செய்திகளைவிட விளக்கங்களுக்கே முதலிடம் கொடுப்பேன். ரஸ்டில் பல எரர்களுக்கு ஓர் எண் உண்டு. எண்ணைக் கொடுத்துக் கேட்டால் உதாரணத்தோடு நீண்ட விளக்கம் வரும். எண் எந்த மொழிக்கும் பொது. விளக்கம் அடிக்கடி மாறாது. கம்பைலர் ஓர் எரரை இனி கொடுப்பதில்லை என்று ஆனாலும் அந்த எண்ணை வேறொன்றுக்குத் தர மாட்டார்கள். 'இது இப்போது வழக்கில் இல்லை' என்று குறிப்புப் போட்டு வைத்திருப்பார்கள். ஈ 0001-க்கே அப்படித்தான் இருக்கிறது. எண்ணைத் தலைப்பாகப் போட்டுத் தமிழில் விளக்கம் எழுதினால் பத்து வருடம் கழித்தும் அது தேறும். நீங்கள் தமிழைப் பார்த்துக்கொண்டால் நான் ரஸ்டைப் பார்த்துக்கொள்கிறேன்.

கம்பைலரும் ஒரு புரோகிராம்தானே? அதை எது கம்பைல் செய்கிறது?
— பத்தாம் வகுப்பு மாணவி, கொழிஞ்சாம்பாறை

அதற்கு முந்தைய கம்பைலர். ரஸ்டின் முதல் கம்பைலர் ஓகேமல் என்ற வேறு மொழியில் எழுதியது. 2011-இல் ரஸ்டிலேயே எழுதிய கம்பைலர் தன்னைத்தானே கம்பைல் செய்துகொண்டது. அதிலிருந்து ஒவ்வொரு வெர்ஷனையும் அதற்கு முந்தையது கட்டுகிறது. ஜிசிசி இன்னும் உஷார். கையில் இருக்கும் கம்பைலரால் தன்னைக் கட்டும், அப்படி வந்ததால் மறுபடி தன்னைக் கட்டும், அதால் மூன்றாம் முறை கட்டும். இரண்டாவதும் மூன்றாவதும் பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ கோளாறு.

அடுத்து நீ கேட்கப் போவதும் தெரியும்: முதல் கம்பைலரில் யாராவது திருட்டுத்தனம் செய்து வைத்திருந்தால்? யூனிக்ஸ் இயங்குதளத்தைச் செய்தவர்களில் ஒருவரான கென் தாம்சன் 1984-இல் டூரிங் விருது உரையில் இதைத்தான் செய்து காட்டினார். மூலத்தில் ஒரு தடயமும் இல்லாமல், கம்பைலர் தன் அடுத்த தலைமுறைக்குத் திருட்டைக் கடத்தலாம். அதைக் கண்டுபிடிக்க, சம்பந்தமில்லாத வேறொரு கம்பைலரால் கட்டி ஒப்பிடும் முறையை டேவிட் வீலர் 2009-இல் தன் ஆய்வில் விரிவாக எழுதினார். பரீட்சை முடிந்ததும் தாம்சனின் உரையைப் படி, சில பக்கம்தான்.

இதற்குச் சம்பளம் உண்டா?
— பெயர் வேண்டாம், பொள்ளாச்சி

எனக்கு இல்லை. ஜிசிசி-யில் முக்கியமானவர்கள் பலருக்கு ரெட் ஹாட், சூசே, ஆர்ம் மாதிரி நிறுவனங்கள் சம்பளம் தருகின்றன. பைத்தான் அறக்கட்டளை 2021-இல் முதன்முறையாக ஒருவரை, வூகாஷ் லங்கா என்பவரை, பராமரிப்பு வேலைக்கென்றே முழுநேரம் அமர்த்தியது. பைத்தான் பிறந்தது 1991-இல். இடையில் எத்தனை வருடம் என்று நீங்களே கழித்துப் பாருங்கள். ரஸ்டை வளர்த்த, ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லா 2020 ஆகஸ்டில் சுமார் 250 பேரை வீட்டுக்கு அனுப்பியது, ரஸ்டுக்கு உழைத்தவர்களும் அதில் இருந்தார்கள். அடுத்த வருடம் ரஸ்ட் அறக்கட்டளை வந்தது. நிறுவனங்கள் புது வசதிக்குக் காசு கொடுக்கும், புகாரைப் படித்துச் சுருக்குவதற்குக் கொடுக்கத் தயங்கும்.

இப்போது எரரை அப்படியே ஏஐ-யிடம் ஒட்டினால் விளக்கிவிடுகிறதே, உங்கள் செய்தி எதற்கு?
— ஐடி ஊழியர், கஞ்சிக்கோடு

நீங்கள் ஒட்டுவது எங்கள் செய்தியைத்தானே? அது தப்பான வரியைக் காட்டினால், ஏஐ அந்தத் தப்பான வரியை அழகாக விளக்கிக் கொடுக்கும்.

ஆவணத்தில் ஒரு தப்பைப் பார்த்தேன். என் ஆங்கிலம் சுமார்தான். நான் திருத்தி அனுப்பலாமா? எப்படிப் புகார் எழுதுவது?
— எம்.சி.ஏ. மாணவி, பொள்ளாச்சி

உங்களைப் போன்றவர்கள்தான் வேண்டும். ஆங்கிலம் சரளமாக வருகிறவர் புரியாத வாக்கியத்தையும் வழுக்கிக்கொண்டு தாண்டிவிடுவார். நீங்கள் தடுக்கி நிற்பீர்கள். தடுக்கிய இடம்தான் திருத்த வேண்டிய இடம்.

ரஸ்ட் ஆவணத்தில் இருக்கும் உதாரணங்கள் டெஸ்டாகவும் ஓடுகின்றன. மொழி மாறி உதாரணம் உடைந்தால் உடனே தெரிந்துவிடும். பைத்தானிலும் அதற்கு ஒரு வசதி உண்டு. உதாரணத்தைச் சுற்றியிருக்கும் வாக்கியங்களை எந்த டெஸ்டும் படிப்பதில்லை. அதனால் உதாரணம் இந்த வருடத்தது, விளக்கம் ஐந்து வருடம் பழையது என்று ஒரே பக்கத்தில் இரண்டும் நிற்கும். அப்படி ஒன்றைப் பிடித்தால் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திருத்தி அனுப்புங்கள். பக்கம் முழுவதையும் மாற்றி எழுத ஆசை வரும், அதை அடக்குங்கள். ஒரு வாக்கியம் என்றால் டீ குடிக்கும் நேரத்தில் பார்த்துச் சேர்த்துவிடுவார்கள். முழுப் பக்கம் என்றால் மாதக்கணக்கில் கிடக்கும். 'இந்த இடத்தில் இப்படி மாற்று' என்று பதில் வந்தால் கோபப்படாதீர்கள், எனக்கும் அப்படித்தான் வருகிறது.

கம்பைலர் பற்றிய புகார் என்றால், என்ன கட்டளை கொடுத்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்பதை எழுதுங்கள். முடிந்தால் புரோகிராமைச் சின்னதாக்குங்கள், முடியாவிட்டால் பரவாயில்லை, நாங்கள் வெட்டிக்கொள்கிறோம். கம்பெனிக் கோடாக இருந்தால் அதைப் பொதுவில் போட அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். செய்தியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எழுத்தாகவே ஒட்டுங்கள். மானிட்டரைச் சாய்வாக ஃபோனில் படம் பிடித்து அனுப்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதில் டியூப்லைட் வெளிச்சம்தான் தெரிகிறது. வெர்ஷன் எண்ணையும் மறக்காமல் போடுங்கள், இல்லையென்றால் முதல் பதிலாக அதைத்தான் கேட்டு எழுதுவேன்.